அண்ணன் கடிதத்தின் மறுபக்கம்

இரண்டு மாதமாக அண்ணனிடமிருந்து கடிதம் இல்லை. வந்தபோது கனமாக வந்தது. உறையைப் பிரித்தால் மூன்று தாள். கடையில் விற்கிற தாள் இல்லை. அகலமானது, இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்டது. ஒரு பக்கம் அண்ணன் கையெழுத்து. மறுபக்கம் முழுக்க மிஷின் அடித்த இங்கிலீஷ் எழுத்தும் எண்களும்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எண்கள் நன்றாகத் தெரியும். இங்கிலீஷ் தெரியாது.

அப்போது நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குப் போக நான்கு வாரம் இருந்தது. நான், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். பாஸ்போர்ட் கையில் இருந்தது. கப்பலுக்கு நாள் குறித்த சீட்டும் வந்துவிட்டது. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்கிற பேர்ப் பதிவுப் புத்தகத்திலிருந்து எங்கள் பேரை வெட்டச் சொல்வது ஒன்றுதான் பாக்கி. பேரை வெட்டினால் வேலை போகும், வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பராவும் போகும். வெட்டிய பேரைத் திரும்ப எழுத மாட்டார்கள். மாதக் கடைசிக்குள் வந்து சொல்லும்படி பெரிய கிளாக்கர் சொல்லியிருந்தார். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

போக வேண்டும் என்றவள் என் மனைவி. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் இரண்டு லயம் எரிந்தது. நாங்கள் பிள்ளைகளோடு மூன்று நாள் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தோம். நான்காம் நாள் காம்பராவுக்குத் திரும்பியதும் அவள் சொன்ன முதல் பேச்சு, "அண்ணனுக்கு எழுதிப் போடுங்க." அவளுடைய அம்மாவும் கூடப் பிறந்தவர்களும் முன்னமே இந்தியா போய்விட்டார்கள். இங்கே அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. நாள் குறித்த சீட்டு வந்த அன்றே ஆட்டை விற்றாள். அம்மிக்கல்லைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்துவிட்டாள்.

அண்ணன் எனக்கு நாலு வயது மூத்தவர். தேயிலை பேக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோரில் டிரையருக்கு நெருப்புப் போடுகிற வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். பிறகு குடும்பத்தோடு கப்பல் ஏறினார். அங்கே இலங்கையிலிருந்து வந்தவர்களை வைக்கிற கேம்பில் கொஞ்ச காலம் கிடந்தார். பிறகு கடலோரம் ஒரு பெரிய கட்டடத்தில் கூட்டுகிற வேலை கிடைத்தது. அணு உலைக்குக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர் அங்கே இருக்கிறது என்று எழுதியிருந்தார். அணு உலை என்றால் கரண்டு எடுக்கிற அடுப்பு என்றும் எழுதியிருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தமிழ்ப் பக்கத்தை வாசித்தேன். எல்லோரும் சுகம். வரும்போது லக்ஸ் சோப்பு, கிராம்பு, தேயிலைத் தூள் கொண்டு வா. கம்பளி இரண்டு போதும், இங்கே குளிர் இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

மறுபக்கத்தைத் திருப்பினேன். அதை ஏன் திருப்பினேன் என்று சொல்ல வேண்டும்.

ஸ்ட்ரைக் காலத்தில் லயத்துக்கு லயம் சேதி அனுப்ப வேண்டி வரும். வாட்சர்மார் பையைச் சோதிப்பார்கள். அதனால் கொழுந்தை எடை போட்டுத் தருகிற சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி அனுப்புவோம். பார்க்கிறவனுக்கு அது கொழுந்துச் சீட்டு. வாங்குகிறவன் நிறையைப் பார்க்க மாட்டான், திருப்பித்தான் பார்ப்பான். எங்கள் டிவிசனில் அந்தச் சீட்டுகளை எழுதியவர் அண்ணன்.

அன்று பின்னேரம் மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். டிஸ்பென்சர் ஐயாவுக்கு நல்ல இங்கிலீஷ். தொரையோடு இங்கிலீஷில் பேசுகிறவர். கடைசி நோயாளி போகும்வரை வெளியே நின்றேன்.

"என்னப்பா, காய்ச்சலா?"

"இல்லைங்க. கடுதாசிங்க. பின்பக்கம் இங்கிலீஷ்ல இருக்குங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதலில் நின்றுகொண்டே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். விரலை வைத்து வரி வரியாகப் போனார்.

"ஒன் அண்ணன் எங்க வேலை செய்றான்?"

"கூட்டுற வேலைங்க. அணு உலைக்குக் கணக்குப் போடுற எடங்க."

"அவன் ஒனக்கு இதப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

"சோப்புக் கொண்டாரச் சொல்லியிருக்காருங்க."

அவர் சிரிக்கவில்லை. "இதுல ஆக்சிடன்ட்னு போட்டிருக்கு. பெரிய ஆக்சிடன்ட். ரெண்டு பம்பும் நின்னுபோச்சு. தண்ணி வத்திருச்சு. நாப்பது நிமிஷத்துல உள்ள இருக்கிற சாமான் உருக ஆரம்பிச்சிருச்சு. மூடி ஒடஞ்சு விஷக் காத்து வெளிய வந்திருக்கு. காத்து எந்தப் பக்கம் அடிச்சுது, எத்தன மைல் போச்சுன்னு எல்லாம் இருக்கு. ஆளுங்கள வெளியேத்தணும்னு கடைசியில போட்டிருக்கு."

"எப்பங்க?"

அவர் தாளின் மேல் ஓரத்தைப் பார்த்தார். "போன மாசம்."

அவர் கடிதத்தைத் திருப்பித் தமிழையும் வாசித்தார்.

"பாத்தியா. அங்க கடுதாசிய ஒடச்சுப் பாப்பாங்க. வாயால சொல்ல முடியாதத முதுகுப்பக்கம் அனுப்பியிருக்கான். ஒன் அண்ணன் லேசுப்பட்ட ஆள் இல்ல."

நானும் அதைத்தான் நினைத்தேன். அவர் சொல்வதற்கு முன்பே நினைத்துவிட்டேன்.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். அவர் சொற்களை வாசித்தார், நான் எண்களைப் பார்த்தேன். டிரையரில் அரை மணிக்கு ஒரு தரம் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பலகையில் எழுதுவது என் வேலை. சூட்டு எண் எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். முதல் தாளில் இடது பக்கம் நிமிஷம், பக்கத்தில் சூடு. சைபரில் தொடங்கி நாற்பதில் விறுவிறு என்று ஏறியது. மூன்றாவது தாளிலும் மேலே அதே தேதி, அதே சைபர், அதே சூடு. ஆனால் நாற்பதில் ஏறவில்லை. தொண்ணூறு தாண்டித்தான் ஏறியது.

ஒரே அடுப்பு ஒரே தேதியில் இரண்டு விதமாகச் சூடேறாது. இது எனக்குத் தெரியும். அவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இது மனதில் வந்தது. நாக்கு வரை வந்தது.

கேட்கவில்லை. டிஸ்பென்சர் ஐயா வாசித்துச் சொன்ன பிறகு, அது தப்பாக இருக்குமோ என்று லயத்தான் கேட்பது பழக்கத்தில் இல்லை. அது ஒன்று. இன்னொன்று, எனக்குப் போக மனம் இல்லை. போனவர்கள் கல் உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இங்கே எனக்கு டிரையர் இருந்தது. இதை அப்போது என்னிடமே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

"வெளிய பேசாதே. பிள்ளைங்கள வச்சிருக்க, யோசிச்சு நட" என்று சொல்லி அவர் தாள்களை மடித்துக் கொடுத்தார்.

மனைவியிடம் சொன்னேன். அவள் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இடுப்புப் படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பாதி அவிழ்த்தபடி கேட்டாள்.

"அண்ணன் சோப்புக் கேட்டிருக்காருன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஊரே செத்துக்கிட்டு இருக்கறப்ப சோப்புக் கேப்பாரா?"

"அது முன்பக்கம்."

அவள் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஓட்டைகளை விரலால் தடவினாள்.

"ரேடியோவுல ஒண்ணும் சொல்லலியே."

"ஆடியில இங்க எரிஞ்சப்ப ரேடியோ சொன்னுச்சா?"

அன்று அதைச் சொன்னதில் எனக்கு ஒரு தைரியம் வந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"அங்க எங்கம்மா இருக்கு" என்றாள், தாளைத் திருப்பித் தந்தபடி.

"ஒங்கம்மா திருச்சிப் பக்கம். அது தூரம்."

"அப்ப நம்மளும் திருச்சிப் பக்கம் போவோம்."

"அண்ணன் இல்லாம அங்க யாரு எடம் குடுப்பா?"

மறுநாள் டிக்கோயாவுக்கு நடந்து போய் அண்ணனுக்குத் தந்தி அடித்தேன். எங்களிடம் இருந்தது பழைய கேம்ப் விலாசம், புதியதை அவர் எழுதியிருக்கவில்லை. கடிதமும் ஒன்று எழுதிப் போட்டேன். என்ன நடந்தது, மறுபக்கம் பார்த்தோம், வரலாமா என்று மட்டும் எழுதினேன். நாலு நாள் காத்திருந்தோம். தந்திக்குப் பதில் இல்லை. பதில் வராதது எனக்கு ஒரு பதிலாகத் தெரிந்தது. அவள் தினமும் மலையிலிருந்து இறங்கியதும் ஸ்டோர் வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். போய்விடுவாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஸ்டோரில் கரண்டு போனது.

கரண்டு போவது புதிதில்லை. என்ஜினைப் போடுவார்கள், ஓடும். அன்று என்ஜின் பிடிக்கவில்லை. ஃபேன் நின்றது. ஃபேன் நின்றால் டிரையருக்குள் காற்று இழுக்காது. அடுப்புச் சூடு போக வழியில்லாமல் இரும்புக் குழாய்களிலேயே நிற்கும். தட்டுகளில் முழுத் தூளும் இருந்தது. காய்ந்த தூள் பற்றினால் ஸ்டோரே போகும், முழுக்கப் பலகைத் தளம்.

"விறக இழு, விறக இழு" என்று ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயா மேல் மாடியிலிருந்து கத்தினார்.

நானும் கூட நின்ற ஆளும் இரும்புக் கொக்கியால் எரிகிற கட்டைகளை வெளியே இழுத்துத் தரையில் போட்டோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு பேர் சங்கிலியைக் கையால் சுற்றித் தட்டுகளைக் காலி செய்தார்கள். விழுந்த தூள் கருகி இருந்தது.

அடுப்பு காலியானது. ஒரு கட்டைகூட உள்ளே இல்லை. நான் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஊசி இறங்கவில்லை. ஏறியது. நெருப்பே இல்லாத அடுப்பில் சூடு ஏறுவதை நின்று பார்த்தேன். இரும்பு தின்ற சூட்டைத் திருப்பித் துப்புகிறது. ஊசி கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றது. பிறகுதான் இறங்கத் தொடங்கியது.

"இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா நம்ம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார் டீமேக்கர் ஐயா. கூட நின்ற ஆள், "வீடு இருந்தாத்தானேங்க, லயமும் பக்கத்துலதான இருக்கு" என்றான். அவர் சிரித்தார். கொக்கியைக் கீழே வைக்க முடியவில்லை, விரல் பிடித்துக்கொண்டது.

எனக்கு அண்ணன் நினைப்புத்தான். இது விறகு, இழுத்துப் போட்டோம். அந்த அடுப்பில் எதை இழுப்பார்கள்? நாற்பது நிமிஷம் என்று டிஸ்பென்சர் ஐயா வாசித்தது இப்போது உடம்பில் பட்டது. தொண்ணூறு என்று நான் பார்த்த எண் பின்னால் போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன்.

மறுநாள் காலை ஆள் எண்ணுகிற பெரட்டு முடிந்ததும் ஆபீசுக்குப் போனேன். மனைவியும் கூட வந்தாள். பெரிய கிளாக்கர் செக்ரோலை எடுத்து விரித்தார். பேனாவும் சிவப்புக் கோடு போடுகிற அடிமட்டமும் தயாராக வைத்திருந்தார்.

"என்ன, நாலு பேரும் போறீங்களா?"

"இல்லைங்க. பேரு இருக்கட்டுங்க."

"இருக்கட்டுமா? கப்பலுக்கு நாள் குடுத்திருக்காங்களே. அங்க போயி இட்லி சாப்பிட வேணாமா?"

"பொறவு பாத்துக்கலாங்க."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் அடிமட்டத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுச் செக்ரோலை மூடினார்.

கண்டியில் இந்தியத் தூதர் ஆபீசுக்குப் போய் நாளைத் தள்ளி வைக்கச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பிறகு தருவோம் என்றார்கள். எங்களுக்குக் கொடுத்த நாளில் அட்டன் ஸ்டேஷனிலிருந்து கப்பலுக்கு ஆள் கொண்டு போகிற கோச்சி போனது. எங்கள் தோட்டத்தில் இரண்டு குடும்பம் அதில் போனது. வழியனுப்ப அவள் போகவில்லை. கொழுந்துக்குப் போனாள். அன்று செக்ரோலில் முழு நாள் பேர் விழும்படி வேலை செய்தாள்.

அந்த நாளுக்குப் பிறகும் கப்பல் மூன்று தரம் போனது. பிறகு சண்டை பெருத்தது. தலைமன்னார்க் கப்பல் நின்றது. நின்றது நின்றதுதான்.

அது நின்று பத்து நாள் கழித்து அண்ணன் கடிதம் வந்தது. நான் போட்ட கடிதம் கேம்புக்குப் போய், அங்கே கிடந்து, யாரோ கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார்கள். தந்தி போய்ச் சேரவே இல்லை. இந்தத் தடவை சாதாரணத் தாள். ஒரு பக்கம்தான் எழுதியிருந்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். இருந்தபடி எழுதுகிறேன்.

"தம்பிக்கு, இங்கே ஒன்றும் நடக்கவில்லை. அது குப்பைத் தாள். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிறது என்று எடுத்து எழுதினேன். வேலை மாறியதில் இரண்டு மாதம் எழுதவில்லை. நீ மறுபக்கம் பார்ப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். இந்தக் கம்ப்யூட்டர் தினமும் உலையை உடைக்கிறது. உள்ளுக்குள்ளேயே உடைக்கிறது. ரெண்டு பம்பும் நின்றால் எத்தனை நிமிஷம், ஒரு பம்பு ஓடினால் எத்தனை நிமிஷம், மூடி உடைந்தால் காற்று எந்தப் பக்கம் போகும் என்று கேட்கிறார்கள். அது கணக்குப் போட்டு அடித்துத் தருகிறது. அதைப் படித்துவிட்டு இன்னொரு மாதிரி கேட்கிறார்கள், வேறு பதில் வருகிறது. நம் டிரையரில் ஃபேன் நின்றால் விறகை இழுப்போம். இங்கே இழுக்க முடியாதாம். அணைத்த பிறகும் அதற்குள்ளிருந்து சூடு ஊறிக்கொண்டே இருக்குமாம். அதனால் நிஜத்தில் வரும் முன்பே எண்ணி வைக்கிறார்கள். எல்லாம் சின்ன வயது, படித்த பிள்ளைகள். டீ குடித்துக்கொண்டே உலையை உருக்குகிறார்கள். நான் தாளைக் கூட்டி அள்ளுகிறேன். நீங்கள் புறப்பட்டு வாருங்கள். இடம் பார்த்து வைத்திருக்கிறேன்."

நடக்காததைத் தாளில் அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தாள் என்றால் நடந்து முடிந்தது. வேலை செய்த பிறகுதான் செக்ரோலில் பேர் விழும். கொழுந்தை நிறுத்த பிறகுதான் சீட்டு. பிள்ளை பிறந்த பிறகுதான் பத்திரம். டிஸ்பென்சர் ஐயாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் இருந்த சொற்களை வாசித்தார்.

மனைவிக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவள் பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அப்ப அங்க ஒண்ணும் நடக்கல."

"இல்ல."

"நெனச்சுப் பாத்திருக்காங்க."

"ஆமா."

"நெனச்சுப் பாத்ததுக்கா நம்ம நின்னோம்?"

பிள்ளையை எழுந்து போகச் சொன்னாள். நான் அப்போது சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு தாளிலும் எண்கள் வேறு வேறாக இருந்தன, அன்றைக்கே பார்த்தேன், கேட்கவில்லை என்று சொன்னேன்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அன்னைக்கே?"

"அன்னைக்கே."

அவள் சீப்பைத் துடைத்து வைத்தாள். நான் எதற்கும் தயாராக நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் போய் அடுப்புக்கு விறகு வைத்தாள். அன்று முதல் மழைக்காலம் முடியும்வரை எனக்கு வேண்டியதை வைத்தாள், வேண்டியதைச் சொன்னாள், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அவளுடைய அம்மா அங்கே செத்துப்போனார். தந்தி ஐந்து நாள் கழித்து வந்தது. பக்கத்துக் காம்பராப் பெண்கள்தான் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஸ்டோருக்குப் போய்விட்டேன்.

எங்களிடம் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். நாங்கள் இருந்தது இலங்கையில். அதனால் விசா நீட்டுவதற்கு நுவரெலியாவில் கச்சேரி என்கிற அரசாங்க ஆபீசுக்குப் போக வேண்டும். ஒரு தடவை அங்கே ஒரு புது கிளார்க் இருந்தார். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். தாள்களைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில் கேட்டார், போக நாள் கொடுத்திருக்கிறார்களே, ஏன் போகவில்லை என்று. எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. பேனாவை அதன் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் அந்தக் கட்டத்தையே பார்த்தேன். சிங்களம் தெரியாமல் இல்லை.

"கப்பல் நின்றுவிட்டது, மாத்தையா" என்றாள் என் மனைவி. அவள் சந்தையில் பேசிப் பழகிய சிங்களம், என்னுடையதைவிட நல்லது.

அவர் எழுதிக்கொண்டார். கொடுத்த நாளையும் கப்பல் நின்ற நாளையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பாதி வழியில் கேட்டேன்.

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"உள்ளதச் சொன்னா அந்தக் கட்டத்துல எழுத எடம் பத்தாது" என்றாள்.

அட்டன் பஸ்ஸில் கூட்டம். அவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நான் நின்றுகொண்டே வந்தேன்.